இருநூற்று ஐம்பத்தாறு கட்டம்

"பதினாறுக்கு மேல ஏத்தாதீங்கன்னு உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? டிஷ் மேல கம்பளி கிடக்கு. மார்ச் மாசம். இனிமே விழறது ஈரப் பனி."

"ஊரே என்னைத் திட்டுது பெரிஸாத். படம் நகரவே மாட்டேங்குதாம். பதினாறுலயே ஓட்டிக்கிட்டிருந்தா அடுத்த வருஷம் நமக்கு ஒரு வீடுகூட மிஞ்சாது."

"திட்டினா திட்டட்டும். மொத்தமா அறுந்துபோனா திட்டி எழுதக்கூட அவங்களுக்கு நெட் இருக்காது."

இதையெல்லாம் நான் ஒட்டுக்கேட்கவில்லை. கோபுரம் என் தொழுவத்துக்குப் பின்னால் நிற்கிறது. அதன் அடியில் இருக்கும் தகர அறைக்கும் என் வேலிக்கும் நடுவே நான்கடி தூரம். பசுவுக்கு வைக்கோல் போடப் போனால் காதில் விழத்தான் செய்யும். அன்று காலை அந்தப் பசு மூன்று முறை வைக்கோல் தின்றது.

உள்ளே கத்திக்கொண்டிருந்தவன் மெதெர்பெக். எங்கள் மலைக்கிராமம் தாஷ்கொரோவுக்கு இணையம் கொடுக்கும் கம்பெனியின் ஆள், முப்பத்தோரு வயது. எதிரே கத்தியவள் பெரிஸாத். தலைநகர் பிஷ்கெக்கில் ரேடியோ படிப்பை முடித்துவிட்டு வந்து அவனோடு வேலை பார்ப்பவள். அன்று திங்கட்கிழமை. வருகிற ஞாயிறு மெதெரின் அம்மா உமுத், பெரிஸாத்தின் காதில் தோடு போட்டு நிச்சயம் செய்ய வருவதாக ஏற்பாடு. நிச்சயத்துக்கு ஆறு நாள் முன்னால் இப்படிக் கத்திக்கொள்கிற ஜோடி நன்றாக வாழும் என்று நினைத்துக்கொண்டேன். நானும் என் கணவரும் தோடு போடும்வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. போட்ட பிறகும் அதிகம் பேசிவிடவில்லை.

டிஷ் மேல் கிடந்த கம்பளி என் கைவேலை. குளிர்காலத்தில் அதில் பனிக்கட்டி பிடிக்கும். மெதெர் துடைப்பத்தோடு கோபுரம் ஏறுவதைப் பார்க்கச் சகிக்காமல், பழைய யூர்த்தாக் கூடாரத்தின் ஆட்டுரோமக் கம்பளியை வெட்டித் தொப்பி மாதிரி தைத்துக் கொடுத்தேன். ஜனவரியின் வறண்ட குளிரில் அது பிரமாதமாக வேலை செய்தது. கம்பெனிக்காரர்களே வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நனைந்தால் அலையைக் குடித்துவிடும் என்று பெரிஸாத் மட்டும்தான் சொன்னாள். அவளுக்கு என் தையல் பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன். நாலு வீட்டில் அப்படியே சொல்லியும் வைத்தேன். பிறகு அவள் பேச்சைக் கேட்டு அதை அவிழ்க்கலாம் என்று மெதெர் ஏறிப் பார்த்தபோது, கயிறெல்லாம் இறுகி உறைந்துபோயிருந்தது.

கட்டக் கணக்கை எனக்குப் புரியவைத்தவளும் பெரிஸாத்தான். பண்பேற்றம் என்று பெரிய பெயர் இருக்கிறதாம், எங்கள் தெருவில் அது கட்டம். ஒருநாள் என் வீட்டு உணவு விரிப்பின் மேல் விரலால் கோடு போட்டு நாலு கட்டமாகப் பிரித்தாள். ஒரு கட்டத்தில் குருத் என்கிற காய்ந்த தயிர் உருண்டை ஒன்றை வைத்தாள். "எஜே, தள்ளி நின்னு பாருங்க. எந்தக் கட்டத்துல இருக்கு?" என்றாள். மூத்த பெண்களை இங்கே எஜே என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் நின்று பார்த்தேன், தெரிந்தது. மலைத்தோளில் இருக்கும் மேல் கோபுரம் ஒவ்வொரு துடிப்புக்கும் இப்படி ஓர் உருண்டையை வைக்கிறது, என் தொழுவத்துப் பக்கம் நிற்கும் கீழ் கோபுரம் அது எந்தக் கட்டம் என்று பார்த்துப் படிக்கிறது, அவ்வளவுதான் என்றாள். பிறகு அதே விரிப்பைப் பதினாறாகப் பிரித்தாள். அதற்குப் பிறகு அறுபத்து நாலு, இருநூற்று ஐம்பத்தாறு. கட்டம் கூடக் கூட ஒரே உருண்டை அதிக விஷயம் சொல்லும். பதினாறில் போவதைப் போல இரண்டு மடங்கு, இருநூற்று ஐம்பத்தாறில் போகும். ஆனால் விரிப்பு அதே விரிப்புதான். கட்டம் நகத்தளவு ஆகிவிடுகிறது. நடுவே கொஞ்சம் பனி விழுந்தால், இந்தக் கட்டமா பக்கத்துக் கட்டமா என்று தெரியாமல் கீழ் கோபுரம் திகைத்து நின்றுவிடும்.

புதுப் பெட்டிகள் வானிலையைப் பார்த்துத் தாமாகவே கட்டத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுமாம். எங்களுடையவை எங்கேயோ ஓட்டித் தேய்ந்த பழைய பெட்டிகள். தாமாக மாறும்போதெல்லாம் அரை நிமிடம் செத்துப் பிழைத்தன. ஊர் கத்தியது. அதனால் அந்த வசதியை அணைத்துவிட்டு, எத்தனை கட்டம் என்பதை மெதெரின் கையில் விட்டிருந்தார்கள். ஒரு மனிதன் கையில் விட்டால் அவனைப் போய்ப் பார்க்கலாம், கேட்கலாம், நச்சரிக்கலாம். நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம்.

திங்கட்கிழமைச் சண்டைக்கு வருகிறேன். சண்டை உண்மையில் கட்டத்தைப் பற்றியதே இல்லை என்பது இரண்டாவது முறை வைக்கோல் போடும்போது தெரிந்தது. எல்லைக்கு அப்பால் அல்மாத்தியில் ஒரு பெரிய கம்பெனி பெரிஸாத்தை வேலைக்குப் பார்க்கிறது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். மலைப்பாதை மூடிக்கிடந்தது, நகரத்துக்குப் போய்ப் பேச வழியில்லை. இந்தக் கோபுரத்தை விட்டால் அவளுக்கு வேறு வாய் கிடையாது.

"நீ அல்மாத்திக்குப் போயிட்டா நான் யாரைக் கட்டிக்கிறது? இந்தக் கோபுரத்தையா?" என்றான் மெதெர்.

"கோபுரம்தான் உங்களுக்குச் சரியா வரும். எதிர்த்துப் பேசாது."

அவன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. வேலிக்கு இன்னும் கொஞ்சம் நெருங்க வேண்டியதாயிற்று. அவள் முதலில் போவது, இலையுதிர்காலத்தில் கல்யாணம், அவன் பின்னாலேயே போய் அங்கே ஒரு வேலை தேடிக்கொள்வது என்று முடிவாயிற்று. வியாழன் சாயங்காலம் வரை பதினாறைத் தாண்டமாட்டேன் என்று அவன் வார்த்தை கொடுத்தான். அவள் போகும்போது என்னைப் பார்த்து, "பசு நல்லா சாப்பிடுதா எஜே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கெட்டிக்காரப் பெண்.

வியாழக்கிழமை எனக்கும் ஒரு காரியம் இருந்தது. என் மகன் நோவோசிபிர்ஸ்க்கில் கிடங்கு வேலையில் இருக்கிறான். அவன் மகளுக்கு அன்றைக்கு முதல் நடை விழா. குழந்தையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூலால் கட்டி, ஓடிவந்து ஜெயிக்கிற பிள்ளை அதை வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். நான் அதை வீட்டுத் தொலைக்காட்சியில் நேராகப் பார்க்க நாற்பது பேரை அழைத்திருந்தேன். ஆடு அடித்தாயிற்று, போர்சோக் மாவுத்துண்டுகள் பொரித்தாயிற்று. காலை ஒன்பது மணிக்கு மகனை அழைத்துப் பார்த்தால் பேத்தியின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் காது இருந்தது. கால்நடை மருத்துவரின் பெண்டாட்டி அதைப் பார்த்து, "உங்க பேத்தி யார் ஜாடைன்னு தெரியலையே" என்றாள். அவள் வீட்டு விழாவில் படம் தண்ணீர் மாதிரி ஓடியது என்பது ஊருக்கே தெரியும்.

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தகர அறைக்குப் போனேன்.

ஒரு மணி நேரம் போதும், ஏற்றிக் கொடு என்று கேட்டேன். பெரிஸாத்துக்கு வார்த்தை கொடுத்திருப்பதாகச் சொன்னான். இன்னும் தோடே போடவில்லை, அதற்குள் அவள் சொன்ன இடத்தில் உட்காருகிறாயே, கல்யாணமானால் மூச்சுவிடவும் சீட்டுக் கேட்பாயா என்றேன். சிரித்தான், அசையவில்லை. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"அவ இன்டர்வியூவைத்தான் மத்தியானத்துக்கு மாத்திட்டாங்களாமே. உனக்குத் தெரியாதா? ராபியா வீட்டுலேர்ந்துதான் நேரா வர்றேன்."

ராபியா பெரிஸாத்தின் அம்மா. நான் அவள் வீட்டிலிருந்து வரவில்லை. என் அடுப்படியிலிருந்து வந்தேன்.

அவன் போனை எடுத்து அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்றால் சொன்னது நான். இந்தத் தெருவில் யார் கர்ப்பம், யார் மாஸ்கோவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள், யார் வீட்டுக் குதிரை விலைக்கு வருகிறது என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்கே என் வழியாகத்தான் தெரியவரும். முப்பது வருடத்தில் நான் சொன்ன செய்தி ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அந்தப் பெயரை அன்றைக்குச் செலவழித்தேன்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பத்து மணிக்கு நூல் வெட்டுவார்கள், பத்தரைக்கு முடிந்துவிடும், பதினொன்றுக்குள் இறக்கிவிடச் சொல்லிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. அவசரமில்லை என்று அவனை நம்பவைத்துவிட்டு, அவன் அவசரமாக இறக்குவான் என்று எதிர்பார்த்திருக்கிறேன் பாருங்கள்.

"அறுபத்து நாலு போதும் எஜே. படம் நல்லாவே வரும்," என்றான்.

"நாப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. ஏத்தறதுன்னு ஆச்சு, இதுல என்ன கஞ்சத்தனம்?"

வெளியே வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. அவன் ஜன்னல் வழியே அதைப் பார்த்தான், முதலில் மேல் கோபுரத்தை மாற்றினான், பிறகு கீழ் கோபுரத்தை. எப்போதும் அந்த வரிசைதான். தொலைவில் இருப்பதை இங்கிருந்தே தொட முடியும்போதே தொட்டுவிட வேண்டும் என்று சொல்வான். இருநூற்று ஐம்பத்தாறு. நான் அவன் கையைப் பிடித்து விருந்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

படம் தண்ணீராக ஓடியது. மருத்துவரின் பெண்டாட்டி பேத்தியின் மூக்கு என் மூக்கேதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அங்கே மகனின் சிநேகிதர்கள் வரத் தாமதம். பத்தரை ஆயிற்று, நூலே திரிக்கவில்லை. பத்தே முக்காலுக்குக் குழந்தையின் காலைக் கட்டினார்கள். மெதெர் எனக்கு எதிரேதான் உட்கார்ந்து எலும்பைச் சுத்தமாகக் கடித்துக்கொண்டிருந்தான். என் கண் சுவர்க் கடிகாரத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் முதல் வார்த்தை பொய்யென்று ஆகிவிடும், அதுவும் மருத்துவரின் பெண்டாட்டி முன்னால். இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று இருந்தேன்.

ஜன்னல் மங்கியதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் மார்ச் மாதப் பனி அப்படித்தான் மலைத்தோளைத் தாண்டிச் சட்டென்று கொட்டும். பெரிய பெரிய செதில்கள், பாதித் தண்ணீர். பிள்ளைகள் ஓடத் தயாராக நின்றார்கள். பேத்தி ஒரு காலைத் தூக்கினாள். பதினொன்று அடித்து ஐந்து நிமிடம், படம் அப்படியே நின்றது. தூக்கிய கால் கீழே வரவே இல்லை.

மெதெர் எலும்பை வைத்துவிட்டு எழுந்து ஓடினான். நானும் பின்னால் ஓடினேன், இந்த வயதில். கீழ் கோபுரத்தைப் பதினாறுக்கு இறக்கினான், பயனில்லை. மேல் கோபுரம் இன்னும் இருநூற்று ஐம்பத்தாறில்தான் பேசிக்கொண்டிருந்தது. அதனிடம் மாற்றச் சொல்ல வேண்டுமானால் இணைப்பு வேண்டும். இணைப்பு வேண்டுமானால் அது மாற வேண்டும். ஊரின் போனும் அதே வழியில்தான் போகிறது, அதுவும் செத்திருந்தது. இனி யாராவது மலைத்தோளுக்கு நேரில் போய்க் கையால் மாற்றினால்தான் உண்டு. குதிரையில் நாலு மணி நேரம்.

"நல்லவேளை, அவளுக்கு மத்தியானம்தானே," என்று அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். "வேகமாப் போனா மூணு மணிக்குள்ள இறக்கிடுவேன்."

சேணத்தை இழுத்துக் கட்டும்போதுகூட அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவன் பைக்குள் நாலு போர்சோக் போட்டேன். அதைத்தான் செய்தேன்.

ஊரின் மறுகோடியில் பெரிஸாத் நல்ல கோட்டுப் போட்டுத் தலையைப் படிய வாரி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே மூன்று பேர். பெயரைச் சொல்லி, படிப்பைச் சொல்லி, தற்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு, ஒரு மலைக்கிராமத்தின் ரேடியோ இணைப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அறுந்ததாம். இது பின்னால் ராபியா சொன்னது. நான்கரை மணிக்கு இணைப்பு வந்தபோது கம்பெனியின் கடிதமும் கூடவே வந்தது. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்.

மெதெர் அன்று மேலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை இறங்கினான். தகர அறையின் வாசலில் பெரிஸாத் காத்திருந்தாள். நான் வேலியருகே மிச்சமான போர்சோக் கிண்ணத்தோடு நின்றேன். இந்த முறை வைக்கோல் ஒரு சாக்குக்குக்கூட என் கையில் இல்லை.

"ஏத்தினது யாரு?"

"நான்தான். லைன் வந்ததும் பேசினியா? ஒழுங்கா வந்துச்சா?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று மெதுவாக அணைந்தது.

"மத்தியானத்துக்கு மாத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றான்.

"யார்கிட்ட?"

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. நீங்களே சொல்லிவிடுங்களேன் என்பது போல ஒரு பார்வை. நான் ஒரு போர்சோக்கை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.

"யாரோ சொன்னாங்க. அதை விடு. ஏத்தினது என் கை."

"யாரோ." அவள் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். "நான் போறது பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம். போகாதேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நின்னிருப்பேன்."

"பெரிஸாத், நான் வேணும்னு செய்யல."

"அப்ப பேரைச் சொல்லுங்க."

அவன் சொல்லவில்லை. வயதில் மூத்த ஒரு பெண்ணைக் கண்ணெதிரே பொய்க்காரி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான் மென்றுகொண்டே இருந்தேன். எத்தனை நேரம்தான் ஒரு போர்சோக்கை மெல்ல முடியும்? அவள் போகும் வரை மென்றேன்.

சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று ராபியா வீட்டுக்குப் போனேன். விரிப்புப் போட்டாள், பாலூற்றிய தேநீர் வந்தது. வைக்கோல் விலையைப் பேசினேன். மருத்துவரின் பெண்டாட்டியுடைய பல்லைப் பேசினேன். ஆறு கிண்ணம் தேநீர் குடித்தேன். ஏழாவதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாழ்க்கையில் நான் ஒரு வீட்டுக்குச் செய்தியோடு போய்ச் செய்தியோடு திரும்பியது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை உமுத் வெள்ளை முக்காட்டோடு வந்தாள். தோடு ஒரு பட்டுத்துணியில் முடிந்திருந்தது. பெரிஸாத் வெளியே வந்து வணங்கினாள், தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். உமுத் முடிச்சை அவிழ்க்கப் போனபோது அவள் கையைப் பிடித்து, "பொறுத்துக்குங்க அபா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. தோட்டோடு ஒரு கோட்டுத் துணியும் சேர்த்துக் கொடுத்து மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். உமுத் என் வீட்டைக் கடந்து போகும்போது நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். ஊரில் எல்லோரும் என்ன நடந்தது என்று என்னிடம்தான் வந்து கேட்டார்கள். தெரியாது என்றேன். நம்பவில்லை.

பாதை திறந்ததும் மே மாதத்தில் பெரிஸாத் பிஷ்கெக்குக்குப் போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்து ராபியா வீட்டை விற்று மகளோடு இருக்கக் கிளம்பினாள். லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த அன்று ஒருவழியாகச் சொன்னேன். ராபியா கையிலிருந்த சமோவாரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"நீங்கதான்னு அவளுக்கு அப்பவே தெரியும் கலிச்சா. வேற யார் சொன்னா மெதெர் விசாரிக்காம நம்புவான்? ஆனா உங்க ரெண்டு பேர்ல யாராவது வாயைத் திறந்து சொல்லட்டும்னு இருந்தா. நீங்க சனிக்கிழமை வந்தப்போ உள்ரூம்லதான் உட்கார்ந்திருந்தா. அவ்வளவு நேரமும் காதைத் தீட்டிக்கிட்டு."

"ஏன் நீயாவது என்னைக் கேட்கல?"

"கேட்டா சொன்னதா ஆகுமா?" என்றாள் ராபியா. லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

பெரிஸாத் அல்மாத்திக்கு வேறொரு கம்பெனி வழியாகப் போய்ச் சேர்ந்து, அங்கே ரயில்வே சிக்னலில் வேலை பார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். இப்போது கரகண்டாவில் இருக்கிறார்கள், இரட்டைப் பையன்கள். ராபியாவும் அங்கேதான். வீட்டை வாங்கியவன் தேனீ வளர்ப்பவன், யாரோடும் பேசுவதில்லை. மெதெர் அதற்குப் பின் மூன்று குளிர்காலம் இங்கே இருந்தான். என் வேலியைக் கடக்கும்போதெல்லாம் வணக்கம் சொல்வான், நிற்க மாட்டான். பள்ளிக்கூடத்துக்கு வந்த கணக்கு டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டான். கொச்கோர்க்காரி, நல்ல பெண்தான், குரல் மட்டும் கொஞ்சம் கீச்சு. அவளுக்குத் தாய்வீட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஆசை. போன வசந்தத்தில் உமுத்தையும் கூட்டிக்கொண்டு கொச்கோருக்கே குடிபோய்விட்டார்கள். நான் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யாரும் இப்போது இந்த ஊரில் இல்லை.